800 ரூபாய்க்குக் கைத்தையல் குயில்ட் தர முடியுமா?

கேள்வி: அக்கா, எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். தையல் நன்றாக வரும். சித்தி மகள் கல்யாணத்துக்குத் துண்டுத்துணிகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்து, கையாலேயே ஓட்டுத்தையல் போட்டு ஒரு குயில்ட் கொடுத்தேன். கட்டிலுக்கு விரிக்கிற அளவு, 60-க்கு 90 அங்குலம். அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் கேட்டார்கள். ஆளுக்கு 1,200 ரூபாய் வாங்கினேன். இப்போது மதினி முறையில் ஒருவர், "துண்டுத் துணியத் தானளா சேத்துத் தச்சிருக்க, 800 ரூவாக்கித் தா" என்கிறார். சொந்தத்துக்குள் கறாராகப் பேசவும் சங்கடமாக இருக்கிறது. என்ன விலை சொல்வது, எப்படிச் சொல்வது?

பதில்: மதினியை விடுங்கள், முதலில் அந்த 1,200 ரூபாயைப் பார்ப்போம். அதில் உங்களுக்குக் கூலியே வரவில்லை. கையிலிருந்து பணமும் போயிருக்கிறது.

துணியிலிருந்து தொடங்கலாம். 60-க்கு 90 அளவில் ஆறு அங்குலச் சதுரங்கள் என்றால் மொத்தம் 150. தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் விட்டு ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் வரிசைக்கு ஆறு சதுரம்தான் விழும், ஆக 25 வரிசை. மேல்பக்கத்துக்கு மட்டும் நாலரை மீட்டர் வேண்டும். அடிப்பக்கத்துக்கு அகலம் பத்தாது, இரண்டு நீளம் வைத்து இணைக்க வேண்டும். அதற்கு ஐந்து மீட்டர். ஓரப்பட்டிக்கு அரை மீட்டர். கூட்டினால் பத்து மீட்டர். திருநெல்வேலி டவுண் ரத வீதியில் சுமாரான காட்டன் மீட்டர் 110 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,100 ஆயிற்று. பஞ்சு ஷீட் 350, நூல், ஊசி, கரண்ட், இஸ்திரி எல்லாம் சேர்த்து 150. மொத்தம் 1,600 ரூபாய். உங்கள் ஊர்க் கடை விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், உங்கள் சீட்டை எடுத்து வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். மதினி கேட்கிற 800 அந்தச் சீட்டில் பாதி.

"துண்டுத் துணிதானே, அது சும்மா கிடப்பதுதானே" என்பதுதான் எல்லோரும் சொல்வது. நம் வீட்டு ஆச்சிமார் பழைய சேலையை நாலாக மடித்து, பிள்ளைக்குக் கீழே போட விரிப்பாகத் தைத்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அது காசில்லாமல் வந்த பொருள் என்றே மனதில் பதிந்துவிட்டது. ஆச்சியின் மதியானங்களை யாரும் கணக்கில் எடுத்ததில்லை. உங்களிடம் 800 ரூபாய்க்குக் கேட்பவரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவர் கண்ணுக்குத் துணி மட்டும்தான் தெரிகிறது.

நேரத்துக்கு வருகிறேன். இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

துணியை முதலில் நனைத்துச் சுருக்கம் எடுத்து, இஸ்திரி போட்டு, 150 சதுரம் வெட்ட நாலு மணி நேரம். வெட்டுவதில் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், பிசகினாலும் பத்துச் சதுரம் சேரும்போது ஒன்றேகால் அங்குலம் கோணிக்கொள்ளும், அதனால் அவசரப்பட முடியாது. சதுரங்களை வரிசையாக மெஷினில் இணைத்து, ஒவ்வொரு இணைப்பையும் இஸ்திரியால் படியவைக்க எட்டு மணி நேரம். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் தரையில் விரித்து, சுருக்கம் விழாமல் நூலோட்டிக் கட்ட மூன்று மணி நேரம். இதற்கு வீட்டு ஹாலில் சாமான்களை எல்லாம் ஒதுக்கி வைக்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் உள்ள வீடானால் ராத்திரிதான் நடக்கும்.

அப்புறம் ஓட்டுத்தையல். ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு வரிசை என்றால் 60 அங்குல அகலத்துக்கு 40 வரிசை. ஒவ்வொன்றும் 90 அங்குல நீளம். சேர்த்தால் 3,600 அங்குலம், அதாவது 90 மீட்டருக்கும் மேலே. அங்குலத்துக்கு ஆறு தையல் வைத்தால் 21,600 தடவை ஊசி இறங்கி ஏற வேண்டும். மூன்று அடுக்கும் பிடிபட, கீழே வைத்திருக்கிற விரலில் ஊசிமுனை தட்டுவதை உணர்ந்துதான் மேலே திருப்புகிறோம். அந்த விரல் நுனியை ஒரு குயில்ட் முடிந்த பிறகு தடவிப் பாருங்கள், சல்லடை மாதிரி இருக்கும். எனக்கு ஒரு வரிசை ஓட அரை மணி நேரம் ஆகிறது. 40 வரிசைக்கு 20 மணி நேரம். கடைசியாக 300 அங்குலச் சுற்றளவுக்கு ஓரப்பட்டி மடித்துக் கையால் தைக்க ஐந்து மணி நேரம்.

ஆக 40 மணி நேரம். எட்டு மணி நேரம் ஒரு நாள் என்றால் முழுசாக ஐந்து நாள். சமையல், பிள்ளைகள், தண்ணீர் பிடிப்பது எல்லாம் போக நாளுக்கு மூன்று மணி நேரம் கிடைக்கிற ஒருத்திக்கு இது இரண்டு வாரம்.

இந்த ஐந்து நாளுக்கு என்ன கூலி? 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள் ஊதியம் 336 ரூபாய். அதைப் போட்டாலே 1,680. ஆனால் உங்களுடையது பழகி வந்த கைவேலை, அதைவிடக் குறைவாகவோ சமமாகவோ வைப்பது எனக்குச் சம்மதமில்லை. நாளுக்கு 500 வையுங்கள், 2,500 ஆகிறது. சாமான் 1,600 சேர்த்தால் 4,100. மெஷின் தேய்மானம், வீணான துணி, சரியில்லாமல் பிரித்துத் தைத்த இடம் இவற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 4,500 ரூபாய். நீங்கள் சொல்ல வேண்டிய விலை இதுதான். லாபம் என்று இதில் ஒன்றும் பெரிதாக இல்லை, கூலி மட்டுமே.

"கடையில் ரஜாய் 900 ரூபாய்க்குக் கிடைக்குதே" என்று பஞ்சு வைத்த கடைப் போர்வையைக் காட்டுவார்கள். கிடைக்கும். பொருட்காட்சியில் அடுக்கி வைத்திருக்கும் பெரும்பாலான ரஜாய்களில் மேல்துணி ஒரே முழுத்துணி, அச்சுப் போட்டது. ஒட்டு வேலையே கிடையாது. அதில் ஓடுகிற தையலை, அகலம் முழுக்க வரிசையாக ஊசிகள் பொருத்திய பெரிய மெஷின் ஒரே ஓட்டத்தில் போட்டுவிடும். நீங்கள் 20 மணி நேரம் போடுவதை அது நிமிஷங்களில் முடிக்கும். அது மோசமான பொருள் இல்லை, வேண்டியவர்கள் அதை வாங்கட்டும். அந்த விலையோடு உங்கள் கை போட்டியிட வேண்டாம், அவ்வளவுதான்.

பாய் நெய்கிற பத்தமடைக்காரர்களுக்கு இது பழைய வழக்கு. கோரையை வெட்டி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, இழை இழையாகக் கிழித்து, பருத்திப் பாவில் கோத்து நெய்கிறார்கள். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்குப் போன பாய் அந்த ஊருடையது. மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்து வாங்கிய கல்யாணப் பாயை எத்தனையோ வீடுகளில் இன்றும் பீரோவுக்குள் வைத்திருக்கிறார்கள். அவர்களிடமே போய் "பிளாஸ்டிக் பாய் இதுல கால்வாசி விலதான" என்று கேட்பவர்கள் உண்டு. பாய் விற்பவர் அதற்குப் பேச்சு வளர்க்க மாட்டார். சாதாப் பாயையும் பட்டுப் பாயையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துத் தடவிப் பார்க்கச் சொல்வார். நீங்களும் இரண்டு மாதிரி தைத்து வையுங்கள், ஒரு சாண் சதுரம் போதும். ஒன்று கைத்தையல், ஒன்று வீட்டு மெஷினில் கோடு போட்டது. மெஷினில் கோடு போட்டால் 20 மணி நேரம் ஆறாகக் குறையும், அப்போது 3,500 ரூபாய்க்குத் தரலாம். எது வேண்டும் என்று அவர்களே முடிவு செய்யட்டும். ஆனால் மெஷின் வேலையைக் கைவேலை என்று சொல்லி விற்காதீர்கள்.

என் வீட்டில் இன்னொன்றும் வைத்திருக்கிறேன். பாதி தைத்த ஒரு துண்டு, அதிலேயே ஊசியும் நூலும் குத்தியிருக்கும். விலை கேட்டு முகம் சுளிப்பவர்களிடம் அதைக் கொடுத்து, "ஒரு சாண் ஓட்டிப் பாருங்க" என்பேன். ஒரு சாணுக்கு 54 தையல். பாதியில் விரலை உதறிக்கொண்டு திருப்பித் தந்துவிடுவார்கள். சண்டையும் கிடையாது, விளக்கமும் கிடையாது. அதற்குப் பிறகு யாரும் என்னிடம் 800 கேட்டதில்லை.

சரி, சொந்தத்துக்கு என்ன செய்வது? இதில் எனக்கு ஒரே தீர்மானம்தான்: முழு விலை சொல்லுங்கள், இல்லையென்றால் சும்மா கொடுங்கள். பாதி விலை மட்டும் வேண்டாம். பல வருஷம் முன்னால் பழக்கமான ஒரு வீட்டுக்கு இரட்டைக் கட்டில் அளவு குயில்ட்டை 900 ரூபாய்க்குக் கொடுத்தேன். சில மாதம் கழித்து அங்கே போனபோது, டைல்ஸில் கீறல் விழாமல் இருக்க அதை மடித்துக் கிரைண்டருக்கு அடியில் போட்டிருந்தார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. 900 ரூபாய்ப் பொருளை அவர்கள் 900 ரூபாய்ப் பொருளாகத்தான் நடத்தினார்கள், அந்த விலையைச் சொன்னது நான். அதே வருஷம் என் அத்தைக்குக் காசு வாங்காமல் கொடுத்ததை அவர் கடைசி வரை தன் தலைமாட்டில் வைத்திருந்தார். பாதி விலையால் இன்னொரு கேடும் உண்டு. உங்கள் தெருவில் இதையே நம்பித் தைக்கிற இன்னொரு பெண் இருந்தால், நீங்கள் சொன்ன 1,200-ஐச் சொல்லி அவளிடமும் பேரம் பேசுவார்கள்.

மதினியிடம் இப்படிச் சொல்லலாம்: "மதினி, துணி, பஞ்சு மட்டுமே 1,600 ஆவுது, அஞ்சு நாள் வேல இருக்கு. 4,500-க்குத்தான் தைக்கேன். உங்களுக்கு அது கூடுதலா இருந்தா சின்னதா ஒண்ணு தச்சுத் தாரேன்." சிரித்த முகமாகச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். விலையைச் சொன்ன உடனே நாமே "வேணும்னா குறைச்சுக்கலாம்" என்று சேர்ப்பதுதான் நம்மில் பலருக்கும் உள்ள பழக்கம்.

அந்தச் சின்ன அளவு உண்மையிலேயே நல்ல வழி. பிள்ளைகளுக்கான 36-க்கு 36 குயில்ட்டுக்கு இரண்டேகால் மீட்டர் துணி போதும். சாமான் செலவு 430, வேலை 12 மணி நேரம், அதாவது ஒன்றரை நாள் கூலி 750. பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 1,300 ரூபாய். பாருங்கள், கட்டில் அளவுக்கு நீங்கள் வாங்கிய 1,200 பிள்ளைக் குயில்ட்டுக்கே பற்றாது. நம்மூர் வெயிலுக்கு இதில் பஞ்சுக்குப் பதில் நன்றாகத் துவைத்த பழைய வேட்டியை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தால் பிள்ளைக்கு வேர்க்காது, செலவும் குறையும்.

"எங்க வீட்டுப் பழைய சேலையே தாரோம், விலையக் குறைச்சுக்கோ" என்று வருவார்கள். அங்கே கவனம் தேவை. பழைய சேலை என்றால் ஃபாலைப் பிரிக்க வேண்டும், நைந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒதுக்க வேண்டும், சாயம் போகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும். பட்டுச் சேலை மடிப்பில் இற்றுப் போயிருக்கும், அடியில் இன்னொரு துணி கொடுக்காமல் தைக்க முடியாது. மேல்துணிக் காசு 500 குறையும், வேலை நாலு மணி நேரம் கூடும். நான் 200-க்கு மேல் குறைப்பதில்லை. அம்மா சேலை, ஆச்சி சேலை என்று கொண்டு வந்தால் வெட்டுவதற்கு முன் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று கேட்டு, முந்தியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். வெட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

முன்பணமாகத் துணிச்செலவு முழுவதையும் வாங்கிவிடுங்கள். அடுத்த குயில்ட் தொடங்கும்போது ஒரு பழைய நோட்டை மெஷின் பக்கத்தில் வைத்து, உட்காரும் நேரமும் எழும் நேரமும் எழுதுங்கள், அடுப்பைப் பார்க்க எழுந்தால் அதையும். நான் சொன்ன 40 உங்களுக்கு 35 ஆகலாம், 50-ம் ஆகலாம். உங்கள் நோட்டில் வருகிற எண்ணை வைத்து விலையைத் திருத்திக்கொள்ளுங்கள். மதினிக்குத் தைப்பதாக இருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் குயில்ட்டோடு மடித்துக் கொடுங்கள்.