தேர்வுக்கு வர மறுத்த வேட்பாளர்

கேள்வி: அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினர் 2014-ல் நடத்திய அதிபர் தேர்தலில், தாய்மொழி சரளமாகத் தெரியாது என்று ஒரு வேட்பாளரின் பெயரை வாக்குச்சீட்டிலிருந்தே நீக்கச் சொன்னார்களாமே! மக்கள் தேர்ந்தெடுத்தவரை நீதிமன்றம் விரட்டுவது மொழிவெறி இல்லையா?
– வாசகர், ராசிபுரம்

பதில்: முதலில், அவரை யாரும் இன்னும் தேர்ந்தெடுத்திருக்கவில்லை. ஆகஸ்டில் நடந்த முதற்சுற்றில் 17 பேர் நின்றார்கள். முன்னாள் அதிபர் ஜோ ஷெர்லி முதலிடம். நீங்கள் குறிப்பிடும் கிறிஸ் டெஷீன் சுமார் 19 சதவீத ஓட்டோடு இரண்டாமிடம். நவம்பரில் இருவரும் மோத வேண்டியிருந்த நேரத்தில்தான், முதற்சுற்றில் தோற்ற இரண்டு பேர் புகாரோடு கிளம்பினார்கள். தோற்றவர்களுக்குத் திடீரென்று மொழிப்பற்று பொங்கியதை நானும் ரசிக்கவில்லை. ஆனால் புகார் கொடுத்தவர் யோக்கியரா என்பது வேறு, புகார் உண்மையா என்பது வேறு.

நவஹோ தேசம் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கிறது. விண்டோ ராக் தலைநகர். சட்டம் இயற்றச் சொந்த மன்றம், சொந்த உச்ச நீதிமன்றம், சொந்தச் சட்டம் எல்லாம் உண்டு. அதிபராக நிற்பவர் நவஹோவைச் சரளமாகப் பேசவும் புரிந்துகொள்ளவும் வேண்டும், ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்பது அப்போதைய சட்டம். ஊர்க்கூட்டத்துக்கு வரும் முதியவர்களில் பலருக்கு நவஹோதான் வசதி. அவர்களிடம் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேசும் அதிபர் எதற்கு என்று அவர்கள் கேட்டால் அது வெறியா?

டெஷீன் சாதாரண ஆளில்லை. கடற்படை அகாடமியில் படித்தவர், வழக்கறிஞர், அரிசோனா சட்டசபையில் இருந்தவர். தகுதி எல்லாம் இருக்கிறது என்று வேட்புமனுவில் உறுதி கொடுத்துக் கையெழுத்துப் போட்டவரும் அவரேதான். ‘சரி, பேசிக் காட்டுங்கள்’ என்று விசாரணையில் கேட்டபோது தேர்வுக்கு உட்பட மறுத்துவிட்டார். மொழியைக் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்றார். கற்றுக்கொண்டிருப்பவர் ‘சரளமாகத் தெரியும்’ என்று எதற்குக் கையெழுத்துப் போட்டார்? இந்த ஒரு கேள்விக்கு அவருடைய ஆதரவாளர்கள் கடைசிவரை நேராகப் பதில் சொல்லவில்லை. அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் பெயரை நீக்கவும் தேர்தலைத் தள்ளிவைக்கவும் உத்தரவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. சட்டம் இயற்றும் மன்றம் அவசரமாகக் கூடி மொழி விதியைத் தளர்த்தியது. ஆட்டம் பாதியில் இருக்கும்போது விதியை மாற்றுகிற வேலை. அப்போது பதவியில் இருந்த அதிபர் பென் ஷெல்லி அதை ரத்து செய்தார். அவரும் முதற்சுற்றில் தோற்றவர்தான்; தேர்தல் தள்ளிப்போனதால் 2015 மே வரை நாற்காலி அவருக்கே நீடித்தது என்பதையும் சேர்த்தே வாசியுங்கள்.

உங்கள் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு. பல தலைமுறைகளாக நவஹோ பிள்ளைகளை உறைவிடப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்தது அமெரிக்க அரசு. அதே அரசுக்கு இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அறியாத ரகசியச் செய்தி அனுப்ப அதே மொழி தேவைப்பட்டது. அப்படிச் செய்தி அனுப்பிய வீரர்களில் ஒருவர் டெஷீனின் தாத்தா. தாத்தாவின் மொழி பேரனிடம் வந்து சேராததற்குப் பேரனை மட்டும் தண்டிப்பது எனக்கும் உறுத்துகிறது. அதற்காகப் பொய் உறுதிமொழியை மன்னிக்கச் சொல்லாதீர்கள். சட்டம் பிடிக்கவில்லையென்றால் மாற்ற வழி இருந்தது. மக்களே மாற்றினார்கள். 2015 ஜூலையில் நடந்த பொதுவாக்கெடுப்பில், வேட்பாளரின் மொழித்திறனை வாக்காளரே தீர்மானிக்கட்டும் என்று முடிவானது.

விதி போன பிறகு யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? 2018-ல் ஜொனாதன் நெஸ், 2022-ல் அவரைத் தோற்கடித்த பூ நைக்ரென். இருவருமே நவஹோ பேசுகிறவர்கள்.