நீங்கள் அடித்துவிட்ட வரி

கேள்வி: நாசரேத் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன் நான். பதினோரு ஆண்டுகளாக ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைப்பகுதியில் மிஷனெரியாக இருக்கிறேன். மனைவி உடன் இருக்கிறாள். பிள்ளைகள் இருவரும் தமிழ்நாட்டில் விடுதியில் படிக்கிறார்கள். காலையில் வேதத்தைத் திறந்தால் அடுத்த கூட்டத்துக்கான குறிப்புதான் கண்ணில் படுகிறது. எனக்கென்று ஒரு வசனமும் பேசுவதில்லை. ஜெபம்கூட இந்தியில்தான் வருகிறது. போன ஆண்டு ஒருவரும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. மாத அறிக்கை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஊருக்கு வந்தால் சபையார் காட்டும் மரியாதை கூசுகிறது. என் அழைப்பு முடிந்துவிட்டதா? திரும்பிவிடலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியை எழுதிவிட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அடித்திருக்கிறீர்கள். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். 'நான் தனியாக ஜெபித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.' உங்கள் பெயரை வெளியிடவில்லை என்ற துணிச்சலில் அதை இங்கே எழுதுகிறேன், மன்னியுங்கள். நீங்கள் கேட்ட கேள்வியைவிட அந்த வரிக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும்.

தினமும் நாலு வீட்டில் ஜெபம் பண்ணுகிறவர் நீங்கள். யாரும் கேட்காத ஜெபம்தான் நின்றுபோயிருக்கிறது. இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் என் கணவரும் குஜராத்தின் டாங்ஸ் காட்டுப் பகுதியில் பதினான்கு ஆண்டுகள் இருந்தோம். ஆறாவது ஆண்டில் எனக்கு இதே வறட்சி வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. 'கர்த்தர் கிரியை செய்கிறார்' என்று மாதந்தோறும் ஜெபக் கடிதம் மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த மழைக்காலத்தில் மலேரியாக் காய்ச்சலில் விழுந்தேன். கணவர் ஊரில் இல்லை. பக்கத்துக் குடிசைப் பெண் மூன்று இரவு என் பாயோரம் உட்கார்ந்திருந்தாள். கேழ்வரகுக் கஞ்சியைப் பித்தளைக் கிண்ணத்தில் ஆற்றி, தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு எனக்கு ஊட்டினாள். ஆறு ஆண்டில் அவள் வீட்டில் நான் ஒரு வாய் சாப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மாத்திரை, பழைய துணி, வசனம் என்று நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவளிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. மனிதரிடம் வாங்கத் தெரியாதவள் கடவுளிடம் மட்டும் எப்படி வாங்குவாள்?

வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னாளில் ஆந்திரப் பக்கத்துத் தோர்ணக்கலில் பேராயரான அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டு மேடையில் வெள்ளைக்கார மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே சொன்னதும் இதைத்தான்: எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்கிறீர்கள், ஆனால் நண்பர்களாக இருக்கமாட்டேன் என்கிறீர்கள். நாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ரயிலேறி வடக்கே போனதும் நாமே அந்த வெள்ளைக்காரர்களாகிவிடுகிறோம். உங்கள் மலையில் உங்களுக்குச் சோறு போடும் உரிமை உள்ள வீடு ஒன்றாவது இருக்கிறதா? கடிதத்தில் அப்படி ஒரு வீடு வரவில்லை. இருந்தால் நாளைக்கே போய்ச் சாப்பிடுங்கள், பை எடுத்துக்கொள்ளாமல்.

ஜெபம் இந்தியில் வருகிறது என்கிறீர்கள். அங்கே பேசும் மால்தோ நம் மொழிக்குத் தூரத்துச் சொந்தம் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இடையன்குடி கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் அதையும் குடும்பத்தில் சேர்த்தார். அவர்கள் 'நான்' என்பதை 'ஏன்' என்கிறார்கள். (நீங்கள் கேட்கும் 'ஏன்' அங்கே 'நான்' ஆகிவிடுவது எனக்குப் பிடித்திருக்கிறது.) ஆனால் மால்தோவும் இந்தியும் நீங்கள் படித்துக் கற்றவை. நெருப்புச் சுட்டால் எந்த மொழியில் 'அம்மா' என்பீர்களோ அந்த மொழியில் தினம் கால் மணி நேரம் பேசுங்கள். நம் பக்கத்துப் பேச்சிலேயே பேசுங்கள். பிரசங்கத்துக்கு ஒருநாளும் எடுக்கப்போவதில்லை என்று முடிவு செய்த ஒரு பகுதியை மட்டும் படியுங்கள். நான் வேதத்தில் எண்ணாகமத்தின் பெயர்ப் பட்டியல்களை எடுத்தேன். குறிப்பெடுக்க ஒன்றும் சிக்காது.

எலியா தீர்க்கதரிசியைப் பற்றி நீங்களே பத்துத் தடவை பிரசங்கித்திருப்பீர்கள். கர்த்தர் அவரோடு பேசிய மெல்லிய சத்தத்துக்கு வேகமாக ஓடுகிற நாம், அதற்கு முன் அவர் சோர்ந்து படுத்த சூரைச்செடியின் கீழ் நிற்பதே இல்லை. சாக வேண்டும் என்று படுத்தவருக்கு முதலில் கிடைத்தது தூக்கமும் தழலில் சுட்ட அடையும். பிறகு மறுபடியும் தூக்கம், மறுபடியும் அடை. 'இங்கே உனக்கு என்ன காரியம்' என்ற கேள்வி நாற்பது நாள் கழித்துத்தான் வந்தது. நீங்கள் அடையைத் தொடாமலே கேள்விக்குத் தாவியிருக்கிறீர்கள். மலேரியாவும் காலா அசார் என்ற கருங்காய்ச்சலும் உள்ள பகுதி அது. அடுத்த முறை டவுனுக்கு இறங்கும்போது ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சோர்வை எல்லாம் ஆவிக்குரிய சோர்வு என்று நினைப்பது நம் ஊழியக்காரர்களின் பழைய வியாதி.

ஓய்வு என்றதும் யாராவது தோனாவூரில் ஊழியம் செய்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை இழுப்பார்கள்: 1895இல் இந்தியா வந்தவர், 1951இல் இறக்கும் வரை ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குப் போகவில்லை என்று. உண்மைதான். ஆனால் அதே அம்மையார் மேற்குமலைக் காட்டில் ஓர் இடம் வாங்கி, வெயில் காலத்தில் பிள்ளைகளோடு அங்கே ஏறிவிடுவார் என்பதை ஒருவரும் சொல்வதில்லை. உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். சந்தை நாளும் வேலை நாள். சந்தைக்கு மறுநாளைக் கதவடைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஞானஸ்நானக் கணக்குக்கு வருகிறேன். இதில் உங்களைவிட, இதைப் படிக்கும் சபையார் மீதுதான் எனக்குக் கோபம். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியதிலிருந்து நம் பெண்கள் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து ஊழியத்துக்கென்று வைத்தவர்கள். எங்கள் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் வாய் உடைந்த சிறு மண்பானை ஒன்று இருந்தது. அம்மா அரிசி களையும் முன் ஒரு பிடி அதில் விழும். சில நாள் எங்களுக்கே பற்றாது. எந்த ஊருக்கு, எத்தனை பேருக்கு என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. இன்று வருடாந்தரக் கூட்டத்தில் மிஷனெரியை நிறுத்தி, படம் காட்டச் சொல்லி, எத்தனை ஆத்துமா என்று கேட்கிறோம். தோர்ணக்கல் பேராலயம் கட்டி முடியவே 1939 ஆயிற்று. அதுவரை அசரியா ஆண்டுதோறும் சுவரின் உயரத்தையா எழுதி அனுப்பியிருப்பார்?

ஆகவே இந்த மாத அறிக்கையில் 'ஒருவரும் இல்லை' என்று எழுதுங்கள். அதற்குக் கீழே 'நான் களைத்திருக்கிறேன்' என்றும் எழுதுங்கள். மேலிடத்தில் என்ன சொல்வார்களோ என்ற பயம் நியாயம்தான். சிலர் முகம் சுளிப்பார்கள். அதனால் உங்களுக்குச் சம்பளமும் இடமாற்றமும் கொடுக்கும் வட்டத்துக்கு வெளியே, வயதான ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை போனில் பேசினால் போதும். அவர் உபதேசம் செய்யாதவராக இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

திரும்பலாமா என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள். ஊருக்கு வரும் விடுமுறையில் முதல் இரண்டு வாரம் எந்தச் சபையிலும் பேச ஒப்புக்கொள்ளாதீர்கள். குருவானவர் வற்புறுத்தினால் நான் தடுத்ததாகச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து கீர்த்தனை பாடுங்கள், பிள்ளைகளை நடுவில் வைத்துக்கொண்டு. அதற்குப் பிறகும் திரும்பி வரவே மனம் சொன்னால், வாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நாங்களும் ஒருநாள் திரும்பி வந்தவர்கள்தான்.

ஒன்று விட்டுப்போயிற்று. இரண்டு பக்கக் கடிதத்தில் உங்கள் மனைவிக்குக் கிடைத்தது மூன்று சொல்: 'மனைவி உடன் இருக்கிறாள்.' அவளும் பதினோரு ஆண்டு அங்கேதான் இருக்கிறாள். பிள்ளைகளைப் பிரிந்து இருப்பவளும் அவள்தான். அந்த அடித்த வரியை அவள் படித்ததில்லை என்று நினைக்கிறேன். இந்தப் பத்திரிகை கைக்கு வந்த இரவே அதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவள் வரி என்ன என்றும் கேளுங்கள்.