தக்காளியும் தலையெழுத்தும்

கேள்வி: பாலக்கோடு அருகே எங்களுக்கு 2 ஏக்கர் தக்காளித் தோட்டம் இருக்கிறது. சொட்டுநீர் போட்டு, பயிர்க் காப்பீடும் செய்யலாம் என்றால், "எல்லாம் தலையெழுத்து, எதற்கு வீண் செலவு" என்று அப்பா மறுக்கிறார். என்ன செய்வது?

பதில்: உங்கள் தந்தையின் சொல்லைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே பக்குவத்தில் வளர்த்த தக்காளி ஒரு பருவத்தில் கடனை அடைத்ததையும், அடுத்த பருவத்தில் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டப்பட்டதையும் கண்டவர், உழைப்புக்கும் வருமானத்துக்கும் தொடர்பில்லை என்று முடிவுகட்டுவது இயல்பே. நடப்பதெல்லாம் தம் செயலால் நடக்கிறதா, விதியாலும் பிறராலும் நடக்கிறதா என்ற இந்த நம்பிக்கையை அளக்க, அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். எத்தியோப்பிய விவசாயிகளிடம் பின்னர் நடந்த ஆய்வொன்றில், நடப்பது தம் கையில் இருக்கிறது என்று நம்புவோரே உரம், மேம்பட்ட விதை, பாசனம் ஆகியவற்றை அதிகம் கைக்கொள்வது தெரியவந்தது. ஆனால் கிணற்றில் தண்ணீர் உள்ளவருக்கு அந்த நம்பிக்கை எளிதில் வரும் என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே வாதாடாமல், கையில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்துக் காட்டுங்கள். மண்டி விலை உங்கள் கையில் இல்லை. தண்ணீர் ஓரளவு உங்கள் கையில் இருக்கிறது. சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழக அரசு சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் தருவதால், வீண் செலவு என்ற வாதம் பெரும்பாலும் அடிபட்டுவிடும். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

காப்பீட்டில் அவர் தயக்கம் பாதி நியாயமானது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயியின் பங்கு, காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம். இந்தக் காப்பீடு மகசூல் இழப்புக்கே ஒழிய விலை வீழ்ச்சிக்கு அல்ல. பெரும்பாலும் அந்தப் பகுதியின் சராசரி மகசூலை வைத்தே இழப்பீடு கணக்கிடப்படுவதால், உங்கள் தோட்டம் மட்டும் கெட்டால் பணம் வராமலும் போகலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்னால் அவராகவே அறிந்தால், "நான் அப்போதே சொன்னேனே" என்பார். "என் தோட்டத்துக்கு ஒன்றும் ஆகாது" என்று காப்பீட்டை ஒதுக்கும் தன்னம்பிக்கைக்காரர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை இணங்கவைப்பது இன்னும் கடினம்.

முதல் பருவத்தில் அரை ஏக்கருக்கு மட்டும் சொட்டுநீர் போட்டு, பக்கத்திலேயே அரை ஏக்கரை வாய்க்கால் பாசனத்தில் விட்டுவையுங்கள். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் மிச்சம் ரூபாயில் தெரியாது, மோட்டார் ஓடிய மணிக்கணக்கில்தான் தெரியும். அதையும், இரு பக்கமும் பறித்த பெட்டிகளையும் ஒரு நோட்டில் குறியுங்கள். சொட்டுநீர் வால்வைத் திறந்து மூடும் பொறுப்பு அப்பாவிடமே இருக்கட்டும்.