12 நாளில் நான்கு இடம் வேண்டாம், மூன்று நாடு போதும்

வணக்கம் நண்பரே. அக்டோபரில் 12 நாளுக்குள் நமீபியாவின் எத்தோஷா விலங்குப் பூங்கா, போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ சதுப்பு நிலம், ஜிம்பாப்வே-சாம்பியா எல்லையிலுள்ள விக்டோரியா அருவி, தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் விலங்குப் பூங்கா நான்கையும் வாடகைக் காரிலேயே பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். எத்தோஷாவிலிருந்து க்ரூகருக்குச் சாலை வழி 2,000 கிலோமீட்டருக்கு மேல். விடுமுறை முழுக்கக் காருக்குள்ளேயே போய்விடும். நமீபியாவை இன்னொரு பயணத்துக்கு வையுங்கள்.

ஜொகன்னஸ்பர்க்கில் இறங்கி க்ரூகரில் 4 இரவு. முக்கியச் சாலைகள் தார்ச்சாலை, சாதாரண காரே போதும். அப்புறம் விமானத்தில் போட்ஸ்வானாவின் மௌன் நகரம், அங்கிருந்து ஒக்கவாங்கோவில் 2 இரவு. உள்ளே போவது சிறு விமானம் என்பதால் கெட்டிப் பெட்டி வேண்டாம், துணிப் பை எடுங்கள்.

அடுத்து அதே நாட்டில், சோபே ஆற்றங்கரையிலுள்ள கசானே ஊரில் 3 இரவு. இதைக் குறைக்காதீர்கள். அக்டோபர் வறட்சியின் உச்சம். காட்டுக் குட்டைகள் வற்றிவிடுவதால் யானைகள் கூட்டம் கூட்டமாகச் சோபே ஆற்றுக்கு வரும். மாலைப் படகில் போங்கள். குட்டியை நடுவில் விட்டு அவை ஆற்றைக் கடப்பதைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும்.

அங்கிருந்து விக்டோரியா அருவி சுமார் 80 கிலோமீட்டர்தான். அந்த மாதம் சாம்பியா பக்கம் பெரும்பாலும் வெறும் பாறைதான், அதனால் ஜிம்பாப்வே பக்கம் தங்குங்கள். இவை மலேரியா உள்ள பகுதிகள். கிளம்பும் முன்பே மருத்துவரிடம் மாத்திரை கேட்டு வாங்கிவிடுங்கள்.