காது கொடுத்துக் கேட்கப் பழக்கும் ஆட்டங்கள்: வாசகர் கேள்விகளுக்கு உடற்கல்வி ஆசிரியரின் பதில்கள்

கேள்வி: கோடை விடுமுறையில் நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள பேரப்பிள்ளைகள் வீட்டில் கூடிவிடுகிறார்கள். ஒருவர் பேசும்போதே மற்றவர் குறுக்கிடுகிறார்கள். எப்படிப் பழக்குவது? (ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்)

பதில்: ஆச்சி, 'பூப்பறிக்க வருகிறோம்' ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று, ஒரு வரிசை பாடிக்கொண்டே முன்னேறும்போது மறு வரிசை அசையாமல் நின்று கேட்டு, பிறகு தன் முறையில் பதில் பாட வேண்டும். இடையில் யாராவது வாய் திறந்தால் பாட்டுக் குலைந்துவிடும் என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்; அதனால் நீங்கள் அதட்ட வேண்டிய தேவை பெருமளவு குறையும். ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் பாடி நடக்கும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, கைபிடித்து இழுக்கும் பகுதியை வெயில் தாழ்ந்த பிறகு வெளியே மண்தரையில் நடத்துங்கள். வழுவழுப்பான அந்தத் தளத்தில், அதுவும் காலுறையோடு, பிள்ளைகளை ஓடவோ இழுக்கவோ விடக் கூடாது.

கேள்வி: ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்திற்கு அழைத்துச் சென்றால் ஊதல் ஊதியும் அடங்குவதில்லை. கத்தாமல் சமாளிக்க வழி உண்டா? (ஆசிரியை, தேவகோட்டை அருகே)

பதில்: உங்களுக்கு நான் சொல்லக்கூடிய மிகச் சிறந்த ஆட்டம் கோ-கோ. முறையான ஆட்டத்தில் விரட்டும் அணியினர் எட்டுப் பேர் வரிசையாக, அடுத்தடுத்தவர் எதிரெதிர்த் திசை பார்க்கும்படி உட்கார்ந்திருக்க, ஒன்பதாமவர் எதிரணியினரை விரட்டுவார். அவர் உட்கார்ந்திருப்பவரின் முதுகைப் பின்னாலிருந்து தொட்டு 'கோ' என்று உரக்கச் சொன்ன பிறகே அந்த ஆள் எழுந்து அவருக்குப் பதிலாக விரட்ட வேண்டும்; முந்திக்கொண்டு எழுந்தால் தவறு. விரட்டுபவர் எப்போது பின்னால் வந்து நிற்பார் என்பது தெரியாததால் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் உடம்பெல்லாம் காதாக இருக்க வேண்டியிருக்கிறது. கூட இருப்பவன் குரலை நம்பிக் காத்திருப்பதும், குரல் வந்ததும் தயங்காமல் எழுவதும்தான் நாம் கற்பிக்க விரும்பும் மரியாதை. அதை அறிவுரையாகச் சொல்லிப் புரியவைப்பது ஆறு வயதுக்குக் கடினம், ஆட்டம் எளிதில் புரியவைத்துவிடும்.

சிறு பிள்ளைகளுக்கு ஐந்து பேரை உட்காரவைத்து, ஒரே ஒருவரை ஓடவிட்டால் போதும். விரட்டுபவர் திசை மாறக் கூடாது என்பது போன்ற விதிகளை இப்போதைக்குத் தளர்த்திவிடலாம். 'கோ' விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். விதிகளை ஓடும் பிள்ளைகளுக்குக் கத்திச் சொல்வதால் பயனில்லை என்பதால், எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, நீங்களும் அவர்கள் கண் மட்டத்துக்குக் குனிந்து, ஒரே ஒரு விதியைச் சொல்லி, ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஊதலுக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும்: நில். வரவும், போகவும், வரிசையில் நிற்கவும் அதையே ஊதினால் அது வெறும் ஓசையாகிவிடுகிறது.

கேள்வி: 'சொன்னதைச் செய்' போன்ற ஆட்டங்களில் என் ஐந்து வயது மகள் முதலிலேயே அவுட் ஆகி அழுகிறாள். (ஒரு தாய், பள்ளத்தூர்)

பதில்: இவ்வகை ஆட்டங்களில் எனக்குள்ள மனக்குறையும் இதுவே. கேட்கும் பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ அந்தக் குழந்தைதான் முதலில் வெளியே போய் உட்கார்கிறது. வெளியேற்றும் விதியை எடுத்துவிட்டு, பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து, தவறியவர் எதிரணிக்குப் போய்த் தொடர்ந்து ஆடலாம் என்று மாற்றுங்கள். சில சுற்றுகளில் உங்கள் மகளே கட்டளை சொல்பவளாக இருக்கட்டும். தன் குரலுக்குப் பிறர் காத்திருப்பதை உணர்ந்த குழந்தைதான் பிறர் குரலுக்கும் காத்திருக்கும்.

கேள்வி: பயிற்சியாளர் சொன்னால் கேட்கிற மகன், நான் சொன்னால் கேட்பதில்லை. (ஒரு தந்தை, காரைக்குடி)

பதில்: மகன் பேச வரும்போது கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, அவன் முடிக்கும் வரை கேளுங்கள். அவனோடு ஒரே அணியில் நின்று ஆடுங்கள். அணித்தலைவன் அவனாகவும், சொன்னதைச் செய்பவர் நீங்களாகவும் சில நாட்கள் இருந்து பாருங்கள்.

கேள்வி: நான்கு வயதுப் பேரன் பின்னாலிருந்து அழைத்தால் திரும்புவதே இல்லை. பிடிவாதமா? (அப்பத்தா, கோட்டையூர்)

பதில்: பிடிவாதம் என்று முடிவு கட்டுவதற்கு முன் செவியைச் சோதித்துவிடுங்கள். சளி பிடித்த பின் நடுச்செவியில் நீர் தங்கினாலோ, அழுக்கு அடைத்திருந்தாலோ கேட்கும் திறன் சில வாரங்கள் குறைந்திருக்கக்கூடும். ஊக்கு, தீக்குச்சி எதையும் காதில் விடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை ஆட்டங்களில் அவனை உங்கள் முகம் தெரியும்படி எதிரே நிறுத்தி, கையசைவோடு சேர்த்துச் சொல்லுங்கள்.