பெருந்தொற்று ஓயாத நேரத்தில் பள்ளிகளை நேரடியாகத் திறக்கலாமா?

திறக்கலாம். அதுவும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் திறக்க வேண்டும் என்பேன். ஆனால் கொரோனா பரவிய 2020 நடுவில் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் கூடவே கூடாது என்று சண்டைக்கு வந்திருப்பேன். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை, மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன், ஒரே அறையில் நாற்பது பிள்ளைகள். வீட்டில் அம்மாவுக்கு நுரையீரல் கோளாறு, சாதாரணச் சளி பிடித்தாலே பத்து நாள் படுத்துவிடுவார். ஆசிரியர் கூட்டத்தில் திறக்க வேண்டாம் என்று முதலில் கையைத் தூக்கியது நான்தான். அந்தப் பயம் நியாயமானது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், அதனால் இப்போது பயப்படுகிற யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

என் எண்ணம் மாறியது ஒரு பையனால். கைபேசி வகுப்பில் தினமும் தவறாமல் வருவான், "புரியுதா?" என்றால் "புரியுது டீச்சர்" என்பான். அந்த ஒரு கைபேசியில்தான் அவன் அக்காவுக்கும் பாடம், அதனால் பாதி நாள் இருபது நிமிடத்தில் போய்விடுவான், நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளி திறந்த முதல் வாரம் கரும்பலகையில் நான்கு வரி எழுதிப் போட்டேன். மற்ற பிள்ளைகள் முடித்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள், இவன் மட்டும் முதல் வரியிலேயே இருக்கிறான். பக்கத்தில் போய் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒவ்வோர் எழுத்துக்கும் தலையைத் தூக்கிப் பலகையைப் பார்க்கிறான். ஒரு கொம்பு போடுகிறான், தூக்கிப் பார்க்கிறான், ஒரு கால் போடுகிறான், மறுபடி பார்க்கிறான். அவன் எழுதவில்லை, எழுத்தைப் படமாகப் பார்த்து வரைந்துகொண்டிருந்தான். பள்ளி மூடுவதற்கு முன்னால் இதே பையன் சின்னச் சின்ன வாக்கியமாகத் தானே படிப்பான். அத்தனை மாதமும் திரையில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு இது தெரியாமல் போனதை நினைத்து அன்றிரவு தூங்கவில்லை.

2020 ஏப்ரலில் உலகம் முழுக்க ஏறக்குறைய 160 கோடி மாணவர்கள் பள்ளிக்கு வெளியே இருந்தார்கள். அதில் குறைந்தது 46 கோடியே 30 லட்சம் பிள்ளைகளுக்கு இணையமோ வானொலியோ தொலைக்காட்சியோ எந்த வழியிலும் பாடம் போய்ச் சேர வாய்ப்பில்லை என்று யூனிசெஃப் அந்த ஆண்டே சொன்னது. சரி, வசதி உள்ள நாட்டில் பிரச்சினை இருக்காதே என்று கேட்கலாம். நெதர்லாந்தில் எட்டு வாரம்தான் மூடினார்கள், இணைய வசதியில் உலகத்திலேயே முன்னணியில் இருக்கிற நாடு. அங்கேயும் தேர்வு முடிவுகளை ஆராய்ந்தபோது பிள்ளைகள் ஒரு கல்வியாண்டில் ஐந்தில் ஒரு பங்கு பின்தங்கியிருந்தார்கள். அதாவது மூடியிருந்த காலத்தில் சராசரிப் பிள்ளை ஏறக்குறைய எதுவுமே கற்கவில்லை. பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் இழப்பு இன்னும் கூடுதல்.

இழப்பு பாடத்தோடும் நிற்பதில்லை. மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் எபோலா என்ற கொடிய தொற்றுநோய் பரவியபோது 2014 நடுவிலிருந்து 2015 ஏப்ரல் வரை பள்ளிகள் மூடியிருந்தன, வானொலியில் பாடம் நடத்தினார்கள். அந்த இடைவெளியில் எத்தனையோ பதின்ம வயதுப் பெண்கள் கர்ப்பமானார்கள். திறந்தபோது கர்ப்பிணிகள் வகுப்புக்கு வரக்கூடாது என்று அரசே தடை போட்டது. அந்தத் தடை 2020 மார்ச்சில்தான் நீங்கியது. உகாண்டாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் முழுமையாகத் திறந்தது 2022 ஜனவரியில், அதற்குள் எத்தனையோ பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். திறந்தால் வருகிற ஆபத்தை மட்டும் எண்ணுகிறோம், மூடினால் வருகிறதை யாரும் எண்ணுவதில்லை, ஏனென்றால் அது மருத்துவமனைக் கணக்கில் ஏறாது.

ஆனால் "பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது, திறந்துவிடுங்கள்" என்று சொல்பவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. பள்ளியில் பிள்ளைகள் மட்டுமா இருக்கிறார்கள்? ஸ்வீடனில் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கான பள்ளிகளை மூடவே இல்லை, அதற்கு மேலே உள்ள மேல்நிலை வகுப்புகள் மட்டும் இணையத்துக்குப் போயின. பிறகு கணக்குப் பார்த்தால் நேரில் பாடம் எடுத்த நடுநிலை ஆசிரியர்களுக்குத் தொற்று, இணையத்தில் எடுத்த மேல்நிலை ஆசிரியர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெற்றோருக்குக் கூடியது கொஞ்சம்தான், சுமை விழுந்தது ஆசிரியர் தலையில். ஆசிரியருக்குத் தடுப்பூசியில் முன்னுரிமை கொடுக்காமல், வீட்டில் நோயாளி இருப்பவருக்கு மாற்று வேலை கொடுக்காமல் திறக்கச் சொல்வது அநியாயம்.

எப்படித் திறக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டென்மார்க்கில் 2020 ஏப்ரல் 15 அன்றே ஐந்தாம் வகுப்பு வரை திறந்தார்கள். சின்னச் சின்னக் குழுக்கள், முடிந்தவரை வெட்டவெளியில் பாடம், குழுக்கள் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. பெரிய அலை எதுவும் எழவில்லை. இஸ்ரேலில் மே நடுவிலேயே எல்லா வகுப்புகளையும் முழுமையாகத் திறந்துவிட்டார்கள், முப்பத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் நிறைந்த அறைகள், நடுவில் கடும் வெயில் அடித்ததால் முகக்கவசம் வேண்டாம் என்று தளர்த்தி ஏசியைப் போட்டு ஜன்னலைச் சாத்தினார்கள். ஜெருசலேமில் ஒரே மேல்நிலைப் பள்ளியில் 153 மாணவர்களுக்கும் 25 ஊழியர்களுக்கும் தொற்று. இரண்டு நாட்டிலும் அதே கிருமிதான்.

எங்கள் பள்ளியில் முதலில் என்ன செய்தோம் தெரியுமா? மேசை நாற்காலி எல்லாம் கிருமிநாசினி போட்டுத் துடைத்தோம், வாசலில் காய்ச்சல் பார்க்கிற கருவி வைத்தோம். ஜன்னலைப் பற்றி யாருமே பேசவில்லை. என் அறையில் நான்கு ஜன்னல், அதில் இரண்டு எப்போதோ அடித்த பெயிண்டில் ஒட்டிப்போய்த் திறக்கவே வராது. ஒரு சக ஆசிரியர் கரியமில வாயு அளக்கும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 420 சொச்சம் காட்டியது. கதவைச் சாத்திப் பாடம் நடத்த ஆரம்பித்து அரை மணி நேரத்தில் 1,900-ஐத் தாண்டியது. அந்த எண் கிருமியைக் காட்டாது, ஒருவர் விட்ட மூச்சை அடுத்தவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதைக் காட்டும், காற்றில் பரவுகிற நோய்க்கு அதுதான் தெரிய வேண்டியது. ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பி அந்த இரண்டு ஜன்னலையும் திறந்தோம், எதிர்ச்சுவரில் இருந்த கதவையும் திறந்து வைத்தோம், எண் 900-க்குக் கீழே வந்து நின்றது. அதற்குச் செலவு எதுவும் இல்லை. 1904-லேயே பெர்லினை ஒட்டிய ஷார்லட்டன்பர்க்கில் நோஞ்சான் பிள்ளைகளுக்காகக் காட்டுக்குள் மரத்தடியில் பள்ளி நடத்தினார்கள், அதைப் பார்த்துக் காசநோய் பயத்தில் பல நாடுகளில் திறந்தவெளிப் பள்ளிகள் வந்தன. அதையெல்லாம் மறந்துவிட்டு நாம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவ்வளவும் கொரோனா போன்ற நோய்க்குத்தான், அது பிள்ளைகளைவிட முதியவர்களைத்தான் அதிகம் கொன்றது. போலியோ போலப் பிள்ளைகளையே குறிவைக்கிற நோய் வந்தால் என் பதில் வேறு. 1937-ல் போலியோ பரவியபோது சிகாகோவில் பள்ளி திறப்பைத் தள்ளிவைத்து வானொலியில் பாடம் நடத்தினார்கள், அது சரியான முடிவு. அதேபோலப் புதுக் கிருமி வந்த முதல் சில வாரம், அது யாரைத் தாக்கும் என்று தெரிகிறவரை மூடி வைப்பதையும் நான் எதிர்க்க மாட்டேன். தெரிந்த பிறகும் கடைத்தெருவையும் திரையரங்கையும் திறந்துவிட்டுப் பள்ளியைக் கடைசியில் வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் அம்மா. நான் வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிறகு அவருக்கு இரண்டு தடுப்பூசியும் முடிந்து இரண்டு வாரம் ஆகும்வரை நான் தனி அறையில்தான் சாப்பிட்டேன், தூங்கினேன். கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தப் பையனோடு தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். பலகையைப் பார்க்காமல் அவன் ஒரு முழு வரி எழுத நான்கு மாதம் ஆனது.