ஜோ கெல்லருக்கு வந்த காய்ச்சல்

நவீன நாடகங்களில் எந்த நாயகனின் துரோகத்தை மன்னிக்க முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது ஜோ கெல்லர்தான். அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் எழுதி 1947இல் நியூயார்க்கில் மேடையேறிய 'ஆல் மை சன்ஸ்' நாடகத்தின் குடும்பத் தலைவர்.

இரண்டாம் உலகப் போரில் விமான எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டை வார்த்துக் கொடுக்கும் தொழிற்சாலை அவருடையது. ஒரு நாள் வார்ப்பெல்லாம் விரிசலோடு வருகிறது. கூட்டாளி ஸ்டீவ் பதறிப்போய் தொலைபேசியில் கேட்கிறார். விரிசலை வெல்டிங் செய்து மறைத்து அனுப்பிவிடு, பொறுப்பு என்னுடையது என்கிறார் கெல்லர். நேரில் வரவில்லை, காய்ச்சலாம். 21 விமானிகள் சாகிறார்கள். நீதிமன்றத்தில், நான் அப்படிச் சொல்லவேயில்லை என்று சாதித்துவிடுகிறார். தொலைபேசியில் சொன்னதற்கு ஏது சாட்சி? ஸ்டீவ் சிறையில் கிடக்க, கெல்லர் விடுதலையாகித் தெருவில் தலைநிமிர்ந்து நடந்து வருகிறார். அந்த நடையைப் பின்னாளில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் செய்கிறார்!

அந்தக் காய்ச்சல் பொய் உடையும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. 15 வருடமாக இவர் படுக்கையில் விழுந்ததே இல்லை என்று மனைவி கேட் பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறார். எதிரே நிற்பது ஸ்டீவின் மகன்.

மில்லரே எழுதி 1949இல் வந்த 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தின் வில்லி லோமனும் துரோகிதான். வீட்டில் மனைவி கிழிந்த காலுறையைத் தைத்துக்கொண்டிருக்க, பாஸ்டன் ஹோட்டலில் வேறொருத்திக்குப் புதுக் காலுறை கொடுக்கிறார். மகன் கண்ணால் பார்த்துவிடுகிறான். ஆனால் அதற்குப் பிறகு மனைவி காலுறை தைப்பதைக் காணவே வில்லியால் முடிவதில்லை. அதனால் அவருக்காக என்னால் அழ முடிகிறது.

கெல்லரோ, "உனக்காகத்தான் செய்தேன்" என்று மகன் கிறிஸிடம் சொல்கிறார். போர்முனையில் தன் படைவீரர்களைப் பறிகொடுத்துவிட்டு வந்தவனிடம் சொல்லும் பேச்சா இது? என்னை மிகவும் கொதிக்கவைத்த இடம் இதுதான். செய்த பாவத்தைப் பிள்ளையின் தலையிலும் ஏற்றிவிடுகிறார்.

கடைசியில் விமானியான இன்னொரு மகன் லாரி சாவதற்கு முன் எழுதிய கடிதம் வெளிவருகிறது. அப்பாவின் குற்றத்தைப் பத்திரிகையில் படித்து வெட்கம் தாளாமல் சாகப் போகிறேன் என்று எழுதியிருக்கிறான். செத்தவர்கள் எல்லோருமே என் பிள்ளைகள்தான் என்று கெல்லருக்கு அப்போதுதான் உறைக்கிறது. உள்ளே போய்த் தன்னைச் சுட்டுக்கொள்கிறார். பெற்ற பிள்ளையும் அந்தக் கணக்கில் சேர்ந்த பிறகு வந்த ஞானம் அது. திரை விழும்போதும் ஸ்டீவ் சிறையில்தான் இருக்கிறார்.